பாராசாரியைத் தேடிச் செஞ்சிக்கு

செஞ்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டை மலையான ராஜகிரியின் உச்சிவரை ஏறி, மூச்சு வாங்க இறங்கி, கிடைத்த பேருந்தில் திண்டிவனத்துக்கோ திருவண்ணாமலைக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். எனக்கு மலையைவிட ஒரு குதிரையின் மேல்தான் நாட்டம். தேசிங்குராசன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவன் குதிரை பாராசாரியைத் தெரிந்திருக்கும். பலரும் அவனுடைய குதிரையாக நினைக்கும் நீலவேணி, கதைப்பாடலின்படி, அவன் உயிர்த்தோழன் மோவுத்துக்காரனுடையது.

வரலாறு இவர்களுக்கு ஒதுக்கிய இடம் மிகச் சிறியது. ஔரங்கசீப் செஞ்சியைப் புந்தேல ராஜபுத்திரரான சொரூப்சிங்கின் பொறுப்பில் விட்டிருந்தார். அவர் 1714-இல் இறந்ததும் மகன் தேஜ்சிங், அதாவது கதையின் தேசிங்கு, கோட்டையை ஏற்றான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கப்ப பாக்கியைக் காரணம் காட்டிப் படையெடுத்தார். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, இருபது வயதைச் சற்றே கடந்திருந்த அந்த இளைஞன் போர்க்களத்தில் மாண்டான். 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை இது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன கோட்டை. இத்தனை பேர் வந்து போன இடத்தில் ஓராண்டுகூட ஆளாதவன் மட்டும் தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் நிலைத்துவிட்டான் என்றால், அதில் பாதிப் பங்கு குதிரைக்கு உண்டு என்பது என் எண்ணம்.

கதை சொல்வது இதுதான்: டில்லியில் எவரையும் முதுகில் ஏறவிடாத முரட்டுக் குதிரை ஒன்று இருந்தது, அதை அடக்க முடியாத தந்தை சிறையில் கிடந்தார், மகன் போய் அடக்கித் தந்தையை மீட்டு, குதிரையையும் பரிசாகப் பெற்றுவந்தான். டில்லிப் பகுதிக்கு ஆவணச் சான்று தேடுவது வீண் வேலை. ஆனால் முரட்டுக் குதிரை ஒருவனுக்கு மட்டும் கட்டுப்படுவது குதிரை வளர்ப்பவர்கள் நன்கறிந்த விஷயம்.

கல்யாண மகாலை ஒட்டி, வளைவுக் கூரையுடன் நீளும் அறைகளின் வரிசையைக் குதிரை லாயம் என்கிறார்கள். படைவீரர்கள் தங்கிய அறைகள் என்று கருதுவோரும் உண்டு. உள்ளே வெளவால் நாற்றத்தைத் தவிர வேறொன்றுமில்லை. எனக்குப் பாடம் கிடைத்தது ஊருக்குள், கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடும் பெரியவர் ஒருவரிடம். ஊறவைத்த கொள்ளை அவர் கையில் அள்ளி நீட்ட, குதிரை உதட்டால் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கித் தின்றது; தின்று முடித்ததும் அவர் சட்டைப்பையை மூக்கால் இடித்துத் தேடியது. நான் நீட்டியபோது காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டது.

"ஆத்துல இறக்கினா கடிவாளத்த இழுக்கக் கூடாது தம்பி. இழுத்தா தலை பின்னால போயி, குதிரையே மல்லாந்துடும். பிடரியப் புடிச்சிக்கிட்டு, அது போற போக்குல விட்டுடணும்" என்றார்.

தேசிங்கின் கடைசிப் பயணத்தை விளங்கிக்கொள்ள இந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அன்று வராக நதியில் வெள்ளம் புரண்டுகொண்டிருந்தது. கூட வந்தவர்களில் பலர் கரையிலேயே தயங்கி நிற்க, அவன் குதிரையோடு நீரில் பாய்ந்தான். குதிரைக்கு இரு கண்களும் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நெற்றிக்கு நேர் முன்னும் மூக்குக்கு அடியிலும் உள்ளது தெரியாது. கலங்கிய நீரின் ஆழமும் அதற்குப் புலப்படாது. அப்படிப்பட்ட விலங்கு வெள்ளத்தில் கால் வைத்ததென்றால் முதுகில் இருப்பவனை நம்பித்தான். நீருக்குள் இறங்கிய பின்போ அவன் குதிரையை நம்பிக் கடிவாளத்தைத் தளர்த்தியாக வேண்டும். அந்தப் போரை வீரம் என்பாரும் விவேகமின்மை என்பாரும் உண்டு. நான் இரண்டாம் கட்சி. சிங்கவரம் அரங்கநாதரிடம் விடைபெறப் போனபோது, போகாதே என்பதுபோல் பெருமாளே முகத்தைத் திருப்பிக்கொண்டதாக ஊரில் சொல்கிறார்கள். அந்த அவசரத்தில் குதிரைக்கு ஒரு குற்றமும் இல்லை. ஏவியவன் சொல்லுக்கு அது நடந்துகொண்டது.

கரையேறிய பின் களத்தில் எதிரிகள் முதலில் குறிவைத்தது குதிரையின் கால்களைத்தான் என்கிறார்கள். கால் வெட்டுண்டு அது சாய்ந்தது. தரையில் நின்று போரிட்ட தேசிங்கு அதிக நேரம் தாக்குப்பிடிக்கவில்லை. மோவுத்துக்காரனும் அதே போரில் மடிந்தான்.

கடலி, நீலாம்பூண்டிப் பக்கத்தில் தோழனுக்கும் குதிரைக்கும் உரிய சமாதிகள் என்று ஊரார் இடங்களைக் காட்டுகிறார்கள். தேசிங்கின் உடலை எரித்ததாகச் சொல்லப்படும் மேடையோ கோட்டையை ஒட்டிய செட்டிக்குளத்தின் வடகரையில் இருக்கிறது. ஏறியவன் ஓரிடத்திலும் சுமந்தது வேறிடத்திலுமாகப் பிரிந்து கிடப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காலை வெயிலுக்கு முன் ராஜகிரியை முடித்துவிட்டால், பிற்பகலில் ஓர் ஆட்டோ பிடித்து இவ்விரு இடங்களையும் அவசரமில்லாமல் பார்த்துவரலாம்.