எக்கோ அறைக் குறிப்புகள்: நுரையீரல் ரத்த அழுத்தமும் வலது இதயமும்

மார்ச் 3, திங்கள்

எக்கோவில் (இதயத்தை ஒலியலையால் பார்க்கும் சோதனை) நுரையீரல் ரத்த அழுத்தத்தைக் கணிக்க உதவுவது மூவிதழ் வால்வின், அதாவது வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வின், கசிவு வேகம். அதை ஒரே ஜன்னலில் (மார்பில் ப்ரோப் என்ற ஒலிக்கருவியை வைக்கும் இடம்) பார்த்து முடித்துவிடக் கூடாது. இதய நுனி, மார்பெலும்பின் இடது ஓரம், விலாவுக்குக் கீழ் என்று எல்லா இடத்திலும் தேடி, கிடைத்ததில் அதிகமானதை எடுக்கணும். ஒலிக்கற்றை கசிவின் திசையிலிருந்து சாய்ந்தால் வேகம் குறைத்துத்தான் காட்டும். கூட்டிக் காட்டுவது கெயின் (திரும்பி வரும் ஒலியைப் பெருக்கும் அமைப்பு). அதை ஏற்றினால் அலையின் ஓரத்தில் தாடி முளைத்த மாதிரி மங்கல் கோடுகள் வரும். அங்கே கர்சரை வைத்தால் நொடிக்கு 3.2 மீட்டர் 3.6 ஆகும், வேகத்தை இருமடி ஆக்கி 4 ஆல் பெருக்குவதால் 41 மி.மீ. பாதரசம் 52 ஆகிவிடும். அடர்ந்த விளிம்புதான் கணக்கு.

மார்ச் 4, செவ்வாய்

அந்த 41 வலது கீழறைக்கும் மேலறைக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்தான். வலது மேலறை அழுத்தத்தையும் சேர்க்கணும். கீழ்ப்பெருஞ்சிரை (உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய சிரை) 21 மி.மீ. அகலத்துக்குள் இருந்து, மூக்கை உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் மேலறை அழுத்தம் 3 மி.மீ. பாதரசம். அகலமும் கூடி, சுருக்கமும் குறைந்தால் 15. இரண்டுங்கெட்டானாக இருந்தால் 8. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. நுரையீரல் வால்வு குறுகியிருந்தாலோ, வருவது கீழறையின் அழுத்தம். தமனியின் அழுத்தம் அல்ல.

மார்ச் 6, வியாழன்

வழக்கமான நாலறைக் காட்சியில் வலது கீழறையை அளந்தால் ப்ரோப் கொஞ்சம் திரும்பினாலே அகலம் மாறும். வலது பக்கத்துக்கென்றே சரிசெய்த காட்சியில், அடிப்பகுதி 41 மி.மீ.க்கு மேல் போனால் விரிவு.

வலது கீழறை பலவீனமாக இருப்பதைக் காட்டுபவை மூன்று. டாப்சி (கீழறை சுருங்கும்போது மூவிதழ் வால்வின் வளையம் இதய நுனியை நோக்கி நகரும் தூரம்) 17 மி.மீ.க்குக் கீழே, திசு டாப்ளரில் எஸ் அலை (அதே வளையம் நகரும் வேகம்) நொடிக்கு 9.5 செ.மீ.க்குக் கீழே, பரப்புச் சுருக்கம் (சுருங்கும்போது கீழறையின் பரப்பு குறையும் அளவு) 35 சதவீதத்துக்குக் கீழே: மூன்றில் ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியதுதான். இதய அறுவை சிகிச்சை ஆனவர்களுக்குக் கீழறை நன்றாக இருந்தும் டாப்சி குறையும். கசிவு மிகுந்தவர்களுக்கு உண்மையைவிட நன்றாகத் தெரியும்.

அதனால் டாப்சியை நுரையீரல் தமனி அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பது உத்தமம். டாப்சி 14 மி.மீ., அழுத்தம் 60 மி.மீ. பாதரசம் என்றால் 0.23. 0.19க்குக் கீழே போனால் அதிக ஆபத்து.

மார்ச் 7, வெள்ளி

அதிகம் பேர் தவறவிடும் இடம் இது. கசிவு மிகக் கடுமையானால் வால்வே இல்லாத மாதிரி மேலறையும் கீழறையும் ஒரே அழுத்தத்துக்கு வரப் பார்க்கும். அலை முக்கோணமாகி, உச்சி முன்னதாகவே வந்துவிடும், வேகம் குறையும். சமன்பாடு அங்கே செல்லாது. பழைய அறிக்கையில் கசிவு வேகம் நொடிக்கு 3.9 மீட்டர், இன்று 3.1 என்றால் உடனே மகிழ வேண்டாம். கீழறை களைத்துப் போயிருக்கலாம்.

அப்போது அழுத்தம் கூடியிருப்பதன் மற்ற அறிகுறிகளைத் தேடணும். நுரையீரல் வால்வுக்குச் சற்றுக் கீழே பல்ஸ் டாப்ளரை (ஓரிடத்து ரத்த ஓட்ட வேகத்தைக் காட்டும் முறை) வைத்துப் பார்க்கணும். அலை உச்சியை எட்டும் நேரம் 105 மில்லிநொடிக்குக் குறைவா, அதன் நடுவில் பள்ளம் இருக்கிறதா? குறுக்கு வெட்டுக் காட்சியில் இரு கீழறைகளுக்கு நடுவிலுள்ள தடுப்புச்சுவர் தட்டையாகி, இடது கீழறை ஆங்கில டி எழுத்துப் போல் தெரிகிறதா? சுருங்கும்போது தட்டை என்றால் அழுத்தச் சுமை, விரியும்போது மட்டும் என்றால் கொள்ளளவுச் சுமை. குறுக்கு வெட்டுக் காட்சி சாய்ந்திருந்தால் ஆரோக்கியமான இதயத்திலும் பொய் டி வரும்.

மார்ச் 10, திங்கள்

அறிக்கையில் வேகத்தையே எழுதுவது நல்லது; கூட்டிக்கழித்த அழுத்தம் அதற்கு அடுத்து. நொடிக்கு 2.8 மீட்டர் வரை வேறு அறிகுறி இல்லையென்றால் நுரையீரல் உயர் ரத்த அழுத்தத்துக்குச் சாத்தியம் குறைவு, 3.4க்கு மேல் அதிகம். நடுவே இருந்தால் மற்ற அறிகுறிகள் தீர்மானிக்கும். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டுகிறதா என்பதை கதீட்டர் (இதயத்துக்குள் செலுத்தி அழுத்தம் அளக்கும் மெல்லிய குழாய்) சோதனைதான் உறுதிசெய்யும். அளக்கும்படி கசிவு அலை கிடைக்கவில்லை என்றால் அப்படியே எழுதணும். ‘அழுத்தம் இயல்பு’ என்று எழுதக் கூடாது.