மூன்று மணிச் சங்கு

புதுச்சேரி கடலூர் சாலையில் இருந்த ஒரு மில்லில் 1983இல் பதிலியாகச் சேர்ந்தேன். யாராவது வராத அன்றுதான் பதிலிக்கு வேலை. ஏழு மணிச் சங்குக்கு முன்பே கேட்டில் போய் நிற்க வேண்டும். டோக்கன் கிடைத்தால் உள்ளே. இல்லையென்றால் ஒரு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு.

அந்த வருடம் ஜூலை 30 காலையில் பலர் அஞ்சலி செலுத்தப் போயிருந்தார்கள். எனக்கு டோக்கன் கிடைத்தது. உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

தறிக் கூடத்தில் பேச்சு காதில் விழாது. உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். வீட்டிலும் கத்தியே பேசுவேன், அம்மா திட்டுவார். பக்கத்துத் தறிப் பெரியவர் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்: "இன்னைக்கு என்ன நாள் தெரியுமா தம்பி?" நான் விழித்தேன்.

அவர் அப்பா சவானா மில்லில் நெய்தவர். இருட்டில் போய் இருட்டில் திரும்புவாராம். சோற்றுத் தூக்கோடு போனால்தான் பிள்ளைக்கு அவர் முகம். வேலை நேரத்தைக் குறைக்கவும் சங்கம் வைக்கவும் உரிமை கேட்டு, வ. சுப்பையா தலைமையில் தொழிலாளர்கள் போராடினார்கள். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான், 1937இல், எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே முதலில் இங்கேதான் என்று புதுச்சேரியில் சொல்வார்கள். முதலோ இரண்டாவதோ, 12 பேர் செத்தது செத்ததுதான்.

இந்த ஊர் நீலத்துணி ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அங்கே பிசின் வாங்க அதையே பணம்போலக் கொடுத்தார்களாம். துணியின் கதையைப் படித்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். நெய்தவர்களின் கதை எனக்கு வந்தது சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் வாயால்தான்.

1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) மில்லை 2011இல் ‘தானே’ புயல் புரட்டிப் போட்டது. 2020இல் அதையும் மூடிவிட்டார்கள்.

அன்று மூன்று மணிச் சங்கு ஊதியதும் பெரியவர் என்னைக் கையோடு அஞ்சலிக்குக் கூட்டிப்போனார். தலையெல்லாம் பஞ்சு. யாரோ ஒரு பிடி பூவைக் கையில் திணித்தார்கள், போட்டேன். டோக்கனைத் திருப்பிக் கொடுக்க மறந்தே போயிற்று. மறுநாள் டைம் ஆபீசில் நல்ல திட்டு.