எவ்வளவோ தடுத்தேன், கேட்காமல் போய்விட்டான்

சீன மொழி பேசுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு எரிச்சலூட்டும் விஷயம் ஒன்றே ஒன்றுதான், அவர்கள் கையில் இருக்கும் சொற்பட்டியல் புத்தகம். சீனக் கல்லூரி மாணவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு 1987-இல் தொடங்கியது, அதற்கென்றே குவியல் குவியலாகப் புத்தகங்கள். அகரவரிசைப்படி பல புத்தகங்களில் முதலில் வருவது 'அபாண்டன்', அதாவது கைவிடு. முதல் சொல்லிலேயே கைவிட்டாயிற்று என்று மாணவர்களே கேலி செய்துகொள்வார்கள்.

சரி, கேலி இருக்கட்டும். ஹிண்டர், இம்பீட், ஹேம்பர், அப்ஸ்ட்ரக்ட் என்று இடைஞ்சல் செய்வதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் நான்குக்கும் எதிரே பெரும்பாலும் ஒரே சீனச் சொல் 'ட்ஸு ஆய்' என்று போட்டிருக்கும். பிரிவென்ட் என்றால் 'ட்ஸு ஜி' அல்லது 'ஃபாங் ஜி'. எல்லாம் தடுப்பதுதானே என்று மனப்பாடம் செய்துவிட்டு, மழையால் ஆட்டம் நடக்கவே இல்லை என்று சொல்லவேண்டிய இடத்தில் மழை ஆட்டத்தை ஹிண்டர் செய்தது என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் ஆட்டம் நடந்தது, தட்டுத்தடுமாறி நடந்தது என்றுதான் பொருள்.

இதற்கு மருந்து சீன எழுத்திலேயே இருக்கிறது, புத்தகம் போடுகிறவர்கள்தான் அதைக் காட்டுவதில்லை. 'ஜி' என்ற எழுத்துக்கு நின்றுபோதல் என்று பொருள். ட்ஸு ஜி, ஃபாங் ஜி, கூடாது என்று தடைசெய்வதைச் சொல்லும் ஜின் ஜி, எல்லாவற்றின் வாலிலும் அது இருக்கிறது. 'ஆய்' என்ற எழுத்திலோ இடப்பக்கம் கல்லைக் குறிக்கும் உறுப்பு (எழுத்துக்குள் பொருளைக் காட்டும் சிறு பகுதி) இருக்கிறது, அதாவது வழியில் ஒரு கல் கிடக்கிறது, நீங்கள் சுற்றிக்கொண்டு போகலாம், தாமதமாகும், அவ்வளவுதான். ஆகவே ஜி-யில் முடிந்தால் பிரிவென்ட், ஸ்டாப் பக்கம் போங்கள், ஆய்-யில் முடிந்தால் ஹிண்டர், இம்பீட், ஹேம்பர் பக்கம் போங்கள் என்று சொல்லிவிடுவேன். நூற்றுக்கு நூறு பொருந்தாது. ஆனால் புத்தகத்தில் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம் பிரிவென்ட் என்ற சொல்லுக்கே ஒரு தனிக் குணம் உண்டு, இதில் தமிழர்களும் சீனர்களும் ஒரே படகில்தான் இருக்கிறோம். 'எவ்வளவோ தடுத்தேன், கேட்காமல் போய்விட்டான்' என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வோம், ஏனென்றால் நம்முடைய தடுத்தேன் முயற்சியை மட்டும் சொன்னாலும் சொல்லும், வெற்றியைச் சொல்லவேண்டுமானால் தடுத்துவிட்டேன் என்று ஒரு 'விடு' சேர்த்துக்கொள்வோம். சீனத்திலும் இதே கதை. ஆளை மறிப்பதற்கு 'லான்', மறித்து நிறுத்தியே விட்டால் 'லான் ஜு'. லான் செய்தேன், லான் ஜு ஆகவில்லை என்று சொன்னால் அங்கே யாரும் முரண்பாடாக நினைக்கமாட்டார்கள். ஆங்கிலப் பிரிவென்டுக்குள் அந்த 'விடு' ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. பிரிவென்ட் செய்தேன், ஆனால் போய்விட்டான் என்றால் கேட்பவர் புருவத்தை உயர்த்துவார், அங்கே 'டிரைட் டு ஸ்டாப் ஹிம்' என்றுதான் சொல்லவேண்டும். இதைப் புரியவைப்பதற்கு மட்டும் ஒரு முழு வகுப்பு போனாலும் நான் கவலைப்படுவதில்லை.

எதிர்மறையும் இதே மாதிரிதான். விபத்து நடக்காமல் தடுக்கவேண்டும் என்பது நல்ல தமிழ். சீனப் பள்ளிகளில் ஃபாங் ஜி போட்டு 'இனி நடக்காமல்' என்பதையும் சேர்த்து எழுதினால் பிழை என்று சிவப்பு மையில் சுழிப்பார்கள், பிழையான வாக்கியத்துக்கு வழக்கமாகக் காட்டும் உதாரணமே அதுதான். அப்படிக் காட்டவேண்டியிருக்கிறது என்றாலே ஜனங்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று அர்த்தம்! அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வந்து 'பிரிவென்ட் இட் ஃப்ரம் நாட் ஹேப்பனிங்' என்று எழுதினால், விபத்து நடந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிப்பது போல ஆகிவிடும்.

ஃப்ரம், டு குழப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'ஸ்டாப் ஹிம் டு கோ' தப்பு, 'ஸ்டாப் ஹிம் ஃப்ரம் கோயிங்' சரி, நாலு தடவை எழுதிப் பார்த்தால் வந்துவிடும்.

உண்மையில் சுவாரசியமானது பிளாக். ஆங்கிலத்தில் ஒரே சொல், சீனத்தில் இடத்துக்கு ஒன்று. சாலையோ குழாயோ அடைத்துக்கொண்டால் 'து', மண் உறுப்பு போட்ட எழுத்து, போக்குவரத்து நெரிசல் என்பதே 'து செ'தான். வெளிச்சத்தையோ பார்வையையோ மறைத்தால் 'தாங்', கை உறுப்பு. கூடைப்பந்தில் எதிராளி எறிந்த பந்தைத் தட்டிவிட்டால் 'கைய் மாவ்', அதாவது தொப்பி மாட்டிவிடுவது. போனில் ஒருவரை பிளாக் செய்தால் பெருநிலச் சீனாவில் 'லா ஹெய்', கறுப்புப் பட்டியலுக்கு இழுத்துவிடுவது, தைவானிலோ அதற்கு வேறு சொல். இத்தனையும் தனித்தனியாக வைத்திருக்கிறவருக்கு ஒரே பிளாக் போதும் என்றால் நம்பிக்கை வருவதில்லை, ஏதோ குறைகிறது என்று நினைத்து அப்ஸ்ட்ரக்டைத் தேடிப் போய்விடுகிறார். கழிவுநீர்க் குழாய் அப்ஸ்ட்ரக்ட் ஆகிவிட்டது என்று பிளம்பரிடம் சொன்னால் புரியத்தான் செய்யும், ஆனால் ஏதோ வழக்கு போட வந்தவர் மாதிரி இருக்கும். நீதிக்குக் குறுக்கே நிற்பது, போலீஸ்காரர் வேலையில் குறுக்கிடுவது, இந்த மாதிரி சட்டப் பேச்சில்தான் அந்தச் சொல் இயல்பாக உட்காரும்.

இம்பீட் யாருக்கும் மறக்காது. லத்தீனில் கால் என்ற சொல்லிலிருந்து வந்தது, காலில் தளை மாட்டுவது. சைக்கிள் பெடலுக்கும் அதே கால்தான் வேர், பெடல் தெரிந்தவருக்கு இது ஒரு நிமிட வேலை. 'பான் ஜியாவ் ஷி', காலை இடறும் கல் என்று சீனத்திலேயே ஒரு சொல் இருக்கிறது, ஆங்கிலத்தின் 'ஸ்டம்ப்ளிங் பிளாக்'குக்கு அப்படியே பொருந்தும்.

கடைசியாக மாணவர்களுக்குப் பிடிக்காத செய்தி ஒன்று. இவ்வளவு பாடுபட்டுப் படிக்கும் ஹிண்டரும் இம்பீடும் வீட்டுப் பேச்சில் அரிதாகத்தான் வரும். அங்கே 'கெட் இன் தி வே', 'ஹோல்ட் அப்', 'ஸ்லோ டவுன்' என்று பொடிப்பொடிச் சொற்களாகச் சேர்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அவற்றைச் சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலும் வரும் கேள்வி, இது தேர்வில் வருமா என்பதுதான்.