உயிலிலிருந்து பின்னோக்கி: சிட்னி நிலச்சுவான்தார் ஒருவரைப் பத்திரங்களில் தேடிய அனுபவம்

நியூ சவுத் வேல்ஸின் குடியேற்றக் கால நிலச்சுவான்தார்களைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கவர்னர் கொடுத்த மானியப் பதிவேட்டைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். சாமுவேல் டெர்ரி மாதிரி ஆளுக்கு அது போதாது. 1801-இல் கைதியாகக் கப்பலில் வந்து இறங்கியவர், 1820 வாக்கில் சுமார் 19,000 ஏக்கருக்குச் சொந்தக்காரர். அதே காலத்தில் காலனியில் பதிவான அடமானங்களின் மொத்த மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவர் கொடுத்த கடன். இப்படிப்பட்டவரின் நிலம் மானியத்தில் வந்ததைவிட மற்றவர் கையிலிருந்து வந்ததே அதிகம். அதனால் நாங்கள் உயிலிலிருந்து பின்னோக்கி வந்தோம்.

அவர் இறந்தது 1838 பிப்ரவரியில். உச்ச நீதிமன்றத்தின் புரொபேட் கட்டுகளில், அதாவது உயிலை நீதிமன்றம் உறுதிசெய்த ஆவணக் கட்டுகளில், முதல் தொடர் 1817-இல் தொடங்குகிறது. அவை கிங்ஸ்வுட்டில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அட்டவணையில் பெயரைப் பார்த்து, தொடர் எண்ணையும் கட்டு எண்ணையும் சேர்த்துக் குறித்துக் கொடுக்க வேண்டும். கட்டுக்குள் உயிலும், உயிலை நிறைவேற்றும் பொறுப்பேற்ற நிறைவேற்றுநர்களின் சத்தியப் பிரமாணமும், சொத்து மதிப்பும் இருக்கும். டெர்ரியின் மதிப்பு 2,50,000 பவுன். ஆனால் இது அசையும் சொத்து மட்டும். அந்தக் காலத்தில் நிலம் புரொபேட்டுக்குள் வராது. உயிலில் பெயர் உள்ளவருக்கோ வாரிசுக்கோ நேராகப் போய்விடும். 1890 சட்டத்துக்குப் பிறகுதான் நிலமும் நிறைவேற்றுநர் கைக்கு வந்தது. இதைக் கவனிக்காமல் அந்தத் தொகையை மொத்தச் சொத்து என்று எழுதுவதுதான் நிறையக் குடும்ப வரலாறுகளில் உள்ள பெரிய பிசகு.

இத்தகைய உயில்களில் நிலத்தைச் சர்வே எண் போட்டு எழுதியிருக்க மாட்டார்கள். "இன்னாரிடம் நான் வாங்கிய பண்ணை" என்றுதான் இருக்கும். அந்த இன்னார் பெயரைத் தனியாகக் குறித்து வையுங்கள், அடுத்த படிக்கு அதுதான் சாவி. பழைய பத்திரப் பதிவின் அட்டவணை விற்றவர் பெயரில்தான் ஓடுகிறது. டெர்ரி வாங்கியதைக் கண்டுபிடிக்க டெர்ரி பெயரில் தேடிப் பயனில்லை. அவருக்கு விற்றவரையும், அவரிடம் அடமானம் வைத்தவரையும் தேட வேண்டும். அடமானமும் இதே அட்டவணையில்தான் வரும். இந்த அட்டவணைகளும், பரிஷ் என்ற சிறு நிலப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் உள்ள வரைபடங்களும் அரசின் இணையதளத்தில் இலவசம். கிடைப்பது புத்தக எண்ணும் பத்திர எண்ணும். நகலுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

நகல் வந்ததும் ஒரே நிலத்துக்கு அடுத்தடுத்த நாள் தேதியில் இரண்டு பத்திரங்கள் இருந்தால் குழம்ப வேண்டாம். முதலாவது ஓராண்டுக் குத்தகை, விலை ஐந்தோ பத்தோ ஷில்லிங். இரண்டாவதுதான் நிலத்தை முழுதாக வாங்குபவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். உண்மையான கிரயத் தொகை அதில் இருக்கும். 1840-களுக்கு முன் நிலத்தை விற்ற முறையே இதுதான். பத்து ஷில்லிங்கை விலையாக எடுத்துக்கொண்டு "நிலத்தைப் பறித்துவிட்டார்" என்று முடிவு கட்டக் கூடாது. பறித்தாரா இல்லையா என்பது அடமானத் தொகையையும் பின்னால் வரும் கிரயத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நூல் அறுகிற இடங்களும் உண்டு. 1825-இல் பதிவுச் சட்டம் வந்தபோதும் பதிவு கட்டாயமில்லை. கைமாறிய பல நிலங்களுக்குப் பதிவே கிடையாது. நிலத்தைக் கொடுப்பதாகக் கவர்னர் சொல்லிய ஆண்டு ஒன்று, பத்திரம் எழுதிய ஆண்டு வேறு. நடுவில் பத்து வருடம்கூட ஓடியிருக்கும். அதற்குள் முதல் ஆள் விற்றுவிட்டால் பத்திரம் வாங்கியவர் பெயரிலேயே வந்துவிடும். பரிஷ் வரைபடத்தில் அச்சாகியிருப்பதும் அந்தப் பெயர்தான். இப்படிச் சிக்கினால் 1830-களின் அரசிதழில், மானிய நிலம் யாருக்கு உரியது என்று விசாரித்த உரிமைக் கோரிக்கை நீதிமன்றத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். யார் யாரிடம் வாங்கினார் என்ற வரிசையே அதில் கிடைக்கலாம். எந்த வரிசையும் கவர்னரோடு நின்றுவிடும். சிட்னிக்கு மேற்கே அந்த மண்ணுக்கு உரிய தாருக் மக்கள் எந்தப் பத்திரத்திலும் விற்றவராக வருவதில்லை. வரலாறு எழுதும்போது இதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது.

எளிதான குறுக்கு வழி ஒன்று உண்டு. 1863 ஜனவரியில், அரசுப் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமைக்கு ஆதாரம் என்ற டாரன்ஸ் முறை வந்தபின், பழைய நிலத்தை அதற்குள் கொண்டுவர விண்ணப்பித்தவர்கள் தாய்ப்பத்திரம் முதல் எல்லாவற்றையும் சுருக்கி எழுதிக் கொடுத்தார்கள். அந்த விண்ணப்பக் கட்டு ஒன்று கிடைத்தால், நாமாகத் தேடினால் பல வாரம் பிடிக்கும் வேலை ஒரே இடத்தில் முடிந்துவிடும். நிலம் இன்று யார் பெயரில் இருந்தாலும் பரவாயில்லை, விண்ணப்ப எண்ணைப் பிடியுங்கள்.

பழைய பத்திரங்களில் உள்ள பரப்பளவைக் கூட்டும்போது ஏக்கருக்கு 4 ரூட், ரூட்டுக்கு 40 பெர்ச். எல்லை நீளம் செயினில் இருக்கும்; ஒரு செயின் 66 அடி.

மனைவியின் புரொபேட் கட்டையும் கட்டாயம் பாருங்கள். ரோசெட்டா டெர்ரி கணவருக்குப் பின் இருபது ஆண்டு வாழ்ந்து 1858-இல் இறந்தார். 1810-இல் டெர்ரியை மணப்பதற்கு முன்பே சொந்தமாக வியாபாரம் செய்தவர். அப்போது அவர் பெயர் மார்ஷ். அந்தக் காலத்துப் பத்திரங்களை டெர்ரி என்று தேடினால் ஒன்றும் வராது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் காலத்துக்கு வந்தால் 1880 முதல் முத்திரைத் தீர்வை அலுவலகம் வைத்த இறந்தோர் சொத்துக் கோப்புகள் இருக்கின்றன. புரொபேட் கட்டில் விட்டுப்போன நிலமும் வீடும் தனித்தனி மதிப்போடு அவற்றில் இருக்கும்.