பயன் எந்த வழியாக வந்தது? டெங்கு தடுப்புத் திட்டங்களை அளவிட்ட அனுபவம்

கொழும்பில் நோய்த் தடுப்புத் திட்டங்களின் தரவுகளைப் பகுப்பாய்வு செய்வது எனது தொழில். ஒரு திட்டம் நிறைவடைந்ததும், அதனால் பயன் கிடைத்ததா இல்லையா என்பதையே எல்லோரும் முதலில் கேட்பார்கள். நிதி வழங்கியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த ஒற்றை விடையே போதுமானது. ஆனால் பயன் கிடைத்திருந்தாலும் கிடைக்காவிட்டாலும், அது எந்த வழியாக நிகழ்ந்தது என்பதை அறியாமல் அடுத்த திட்டத்தை வகுப்பது, நோயை அறியாமல் மருந்தின் அளவை மட்டும் கூட்டுவதற்கு ஒப்பானது என்றே நான் கருதுகிறேன்.

2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். அவர்களில் கணிசமான பங்கினர் மேல் மாகாணத்தவர். டெங்கு தடுப்புக்கென நடத்தப்படும் விழிப்புணர்வுத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே எடுகோளின் மீதே நிற்கின்றன. மக்களுக்கு நுளம்பு பெருகும் விதம் தெரிந்தால் நீர் தேங்கும் இடங்களை வாரந்தோறும் சுத்தம் செய்வார்கள், சுத்தம் செய்தால் குடம்பிகள் குறையும் என்பதே அந்த எடுகோள். இந்தச் சங்கிலியில் இரண்டு கண்ணிகள் உள்ளன. திட்டம் அறிவை உயர்த்தியதா என்பது முதற் கண்ணி. உயர்ந்த அறிவு செயலை மாற்றியதா என்பது இரண்டாவது. திட்டத்துக்கும் செயலுக்கும் நடுவே நின்று விளைவைக் கடத்துவதால், அறிவு இங்கே இடைநிலை மாறி ஆகும்.

கணக்கு எளிமையானது. திட்டம் அறிவுப் புள்ளியை 3 ஆல் உயர்த்துகிறது என்றும், திட்டத்தின் நேரடி விளைவை நீக்கிப் பார்க்கையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வீட்டில் வாரந்தோறும் சுத்தம் செய்யப்படும் இடங்கள் 0.2 ஆல் கூடுகின்றன என்றும் வைத்துக்கொண்டால், அறிவின் வழியாகக் கிடைத்த பயன் இவ்விரண்டின் பெருக்கமான 0.6 ஆகும். இரண்டில் ஒன்று பூச்சியமானால் பெருக்கமும் பூச்சியமே.

இதன் பொருளை எனக்கு உணர்த்தியது கொழும்பின் மட்டக்குளிப் பக்கத்தில் ஒரு கள விஜயம். அங்கே வினாக்கொத்தின் அறிவுப் பகுதிக்கு ஏறக்குறைய எல்லா வீட்டாரும் சரியாகவே விடையளித்தார்கள். டெங்கைப் பரப்பும் ஈடிசு நுளம்பு பகலில் கடிக்கும் என்பதையும், முட்டைகள் காய்ந்த பாத்திரத்தின் சுவரிலும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும் என்பதால் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதையும் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். எம்முடன் வந்திருந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூரைப் பீலியைக் காட்டி, "தங்கச்சி, இந்த ஆக்களுக்குத் தெரியாதது ஒண்டுமில்ல. பீலிக்கு ஏற ஏணி ஆரிட்ட இருக்கு?" என்றார். இலைகள் அடைத்துக் கிடந்த அந்தப் பீலியில் மழைநீர் நின்றது. பின்னர் தரவுகளைப் பகுத்தபோதும் அதுவே தெரிந்தது: முதற் கண்ணி உறுதியாக இருந்தது, இரண்டாவது கண்ணியில் பிடிப்பே இல்லை. எல்லா வழிகளையும் சேர்த்த மொத்த விளைவை மட்டும் பார்த்திருந்தால், மக்களுக்கு இன்னும் போதிக்க வேண்டும் என்ற முடிவுக்கே அறிக்கை வந்திருக்கும்.

இத்தகைய பகுப்பாய்வுக்கு நெடுங்காலம் வழிகாட்டியது பரோன், கென்னி என்னும் உளவியலாளர்கள் 1986இல் முன்வைத்த படிமுறை. மொத்த விளைவு புள்ளியியல் ரீதியில் பொருளுடையதாக, அதாவது தற்செயல் என்று ஒதுக்க முடியாததாக, இருந்தால்தான் மேலே செல்லலாம் என்பது அதன் முதல் நிபந்தனை. இந்த நிபந்தனை தடுப்புத் திட்டங்களுக்குப் பொருந்துவதில்லை என்பது எனது உறுதியான கருத்து. ஃபிரிட்ஸ், மெக்கினன் என்னும் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட, கணினியில் உருவாக்கிய தரவுகளைக் கொண்டு முறைகளைச் சோதிக்கும் உருவகப்படுத்தல் ஆய்வில், இரு கண்ணிகளும் சிறியவையாகவும் விளைவு முழுவதும் இடைநிலை மாறி வழியாகவே செல்வதாகவும் இருக்கும்போது, அந்தப் படிமுறைக்கு 20,000க்கும் அதிகமானோர் மாதிரியில் தேவைப்பட்டார்கள். கையிலுள்ள தரவிலிருந்தே மீண்டும் மீண்டும் மாதிரி எடுக்கும் பூட்ஸ்ட்ராப் முறைக்கு ஏறத்தாழ 500 பேர் போதுமாயிருந்தது. இரண்டு மதிப்பீடுகளின் பெருக்கம் பொதுவாகச் செவ்வன் பரம்பலை (மணி வடிவப் பரம்பலை) பின்பற்றாது என்பதால், உண்மை மதிப்பு அடங்கக்கூடிய வீச்சைத் தரும் நம்பிக்கை ஆயிடையை இருபுறமும் சமச்சீராக அமைப்பதை விட, பூட்ஸ்ட்ராப் மூலம் பெறும் ஆயிடை நம்பத்தக்கது. எமது கையில் இருப்பவை சில நூறு வீடுகளின் தரவுகள் என்னும்போது இது வெறும் கோட்பாட்டு விவாதமன்று.

மொத்த விளைவு மறைந்துபோவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பாடசாலை அமெரிக்கக் காற்பந்து வீரர்களை, தசையைப் பெருக்க எடுக்கும் ஸ்டீரொய்டு பாவனையிலிருந்து தடுக்க நடத்தப்பட்ட அட்லஸ் திட்டத்தின் தரவுகளில், ஸ்டீரொய்டு எடுப்பதற்கான காரணங்கள் பற்றிய எண்ணம் ஏனைய வழிகளுக்கு எதிர்த்திசையில் செயற்பட்டது. நன்மையும் தீமையும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டால், உள்ளே இரண்டு வலுவான வழிகள் இயங்கும்போதும் மொத்தக் கணக்கு பூச்சியத்தை அண்மிக்கும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இரண்டாவது கண்ணிதான். வீடுகளைத் திட்டத்துக்கு எழுமாறாகத் தெரிவு செய்தாலும், எந்த வீட்டில் அறிவு உயரும் என்பதை நாம் எழுமாறாக்குவதில்லை. வீட்டில் பகலில் ஆள் இருப்பது, சொந்த வீடா வாடகை வீடா என்பது போன்றவை அறிவையும் துப்புரவையும் ஒருங்கே பாதிக்கக்கூடும். அவற்றை அளந்து பிற்செலவு (regression) சமன்பாட்டில் சேர்ப்பதோடு, அளக்கப்படாத ஒரு காரணி எவ்வளவு வலுவாக இருந்தால் எமது முடிவு கவிழும் என்ற உணர்திறன் பகுப்பாய்வையும் அறிக்கையில் இட வேண்டும் என்று நான் இப்போது வற்புறுத்துகிறேன்.

அந்த விஜயத்தின் பின்னர் நாம் தயாரித்த வினாக்கொத்தில் அறிவு வினாக்கள் சுருக்கப்பட்டன. பீலியை எட்ட வசதி உண்டா, கழிவு வண்டி எந்நாளில் வரும், பொது மாடிப்படியின் கீழ் தேங்கும் நீருக்கு யார் பொறுப்பு என்பவை புதிதாகச் சேர்ந்தன. துப்புரவு பற்றிய வாய்மொழி விடையுடன் பரிசோதகர் நேரில் கண்டதும் பதியப்படுகிறது. வசதிகளை முதலிலும், செயலைச் சில வாரங்களின் பின்னரும், குடம்பிகளை அதற்கும் பின்னரும் அளக்கிறோம். தென்மேல் பருவமழை மே மாதமளவில் தொடங்கி நீர் தேங்குவதை மாற்றிவிடும் என்பதால், திட்டம் நடந்த குடியிருப்புத் தோட்டங்களையும் நடக்காத தோட்டங்களையும் ஒரே வாரத்தில் பார்வையிடும்படி கால அட்டவணை வகுக்கப்பட்டுள்ளது.