ஒரு சீசன் முழுக்கப் புள்ளி வைத்த கதை

எங்கள் ஊரில் கல்யாண வீடு என்றால் மொய் எழுத அப்பாவைத்தான் உட்கார வைப்பார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், கணக்கு ஒரு ரூபாய் பிசகாது. அந்தப் பெருமைக்கு விலையும் உண்டு. சொந்த அண்ணன் மகளுக்குத் தாலி ஏறியதை அவர் பார்க்கவில்லை. கெட்டிமேளம் கேட்டு நிமிர்வதற்குள் அடுத்த ஆள் கவரை நீட்டிவிட்டாராம். போன கோடை முழுக்க இங்கிலாந்தின் மைதான ஓரங்களில் கிட்டத்தட்ட அதே நாற்காலியில், கிரிக்கெட் ஸ்கோர் எழுதிக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்தேன்.

மகளுக்கு எங்கள் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 13 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணியில் இடம் கிடைத்திருந்தது. இங்கே வயதைக் கணக்கிடுவது சீசனுக்கு முந்தைய ஆகஸ்ட் 31-ஐ வைத்து. பள்ளி வகுப்புக்கும் அதே கணக்குதான். செப்டம்பரில் பிறந்த பிள்ளைக்கு யோகம், ஜூலை, ஆகஸ்டில் பிறந்தது ஏறக்குறைய ஒரு வயது மூத்த பிள்ளைகளோடு மல்லுக்கட்ட வேண்டும். என் மகள் ஜூலை. அணிப் படத்தில் அவளைத் தேட வேண்டாம், முன்வரிசை ஓரத்தில் பாருங்கள்.

தேர்வு முந்தைய இலையுதிர்காலத்திலேயே நடந்துவிடும். முதுகில் நம்பர் ஒட்டிக்கொண்டு உள்ளரங்கில் ஆறு பந்து போடச் சொன்னார்கள், ஆறு பந்து அடிக்கச் சொன்னார்கள், பிறகு மூன்று வாரம் மெயில் பெட்டியை நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஜனவரியிலிருந்து வாராவாரம் வலைப்பயிற்சி. பயிற்சிக்கு ஒரு கட்டணம், கவுண்டி சின்னம் போட்ட உடைக்கு இன்னொன்று. கிரிக்கெட்டில் சமத்துவம் பற்றி விசாரித்த ஆணையம் 2023 ஜூனில் தந்த அறிக்கை, இப்படித் தேர்வாகி வரும் பிள்ளைகளிடம் நேரடியாகப் பணம் வாங்கவே கூடாது என்று பரிந்துரைத்தது. நாங்கள் கட்டினோம். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை அந்த உள்ளரங்கின் வாசலுக்கே வந்திருக்காது என்பது மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் உறுத்தியது.

மார்ச்சில் பெற்றோர் கூட்டம். அணி மேலாளர் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "ஸ்கோரர் ஒருவர் வேண்டும்" என்றார். அத்தனை பேரும் அவரவர் ஷூவைப் பார்த்தார்கள். நான் விவரம் தெரியாமல், "ஸ்கோரர் என்றால் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், என் பெயரை எழுதிக்கொண்டார். வீட்டில் கிரிக்கெட் ஓடும்போது சட்னி அரைத்தவள் நான். எல்பிடபிள்யூ என்றால் என்னவென்று அன்றைக்குக் கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தோடு சேர்ந்த நடுவர்கள், ஸ்கோரர்கள் சங்கம் ஆன்லைனில் தொடக்கப் பயிற்சி வைத்திருக்கிறது. இரவில் பாத்திரம் கழுவியபின் உட்கார்ந்து முடித்தேன். முதலில் நடுவர் கைகாட்டுவதைப் படிக்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கி விரித்தால் பை, அதாவது மட்டையிலோ உடம்பிலோ படாத பந்தில் ஓடிய ரன். முழங்காலைத் தூக்கித் தட்டினால் லெக் பை, உடம்பில் பட்ட பந்தில் ஓடிய ரன். தோளைத் தட்டினால் ஓடிய ரன் ஒன்று செல்லாது. ஒவ்வொன்றுக்கும் நான் கையை உயர்த்தி, பார்த்துவிட்டேன் என்று பதில் காட்ட வேண்டும். காட்டும் வரை அடுத்த பந்தை வீசவிட மாட்டார்கள். அத்தனை பேர் என் ஒரு கைக்காகக் காத்து நின்றது முதல் மேட்சில் கூச்சமாக இருந்தது, மூன்றாவது மேட்சில் பிடித்துப் போனது.

புத்தகத்தில் எழுதுவது வேறு கலை. அடித்த ரன்னை மட்டையாளர் வரிசையிலும் பந்துவீசுபவர் கட்டத்திலும் இரண்டு இடத்தில் எழுத வேண்டும். வைடு (மட்டைக்கு எட்டாமல் விலகிப்போன பந்து) என்றால் கூட்டல் குறி, நோபால் (விதிமீறி வீசிய பந்து) வட்டம், பை முக்கோணம், லெக் பை தலைகீழ் முக்கோணம். ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஓவர் முழுக்க ரன்னே இல்லை என்றால் அந்த ஆறு புள்ளிகளையும் கோடிழுத்துச் சேர்த்து ஆங்கில எம் ஆக்க வேண்டும், மெய்டன். அதில் விக்கெட்டும் விழுந்தால் டபிள்யூ. புள்ளி வைத்துக் கோடிழுப்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் ஆட்டங்கள் மழையில் போயின. மே மாதத்திலிருந்து ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பி லண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலை நெரிசலில் நின்று கென்ட், சசெக்ஸ், ஹாம்ப்ஷயர் என்று போய்வந்தோம். எதிரணிக்கும் ஒரு ஸ்கோரர் உண்டு. விதிப்படி இரண்டு பேர் இருக்க வேண்டும், அடிக்கடி ஒத்துப் பார்க்க வேண்டும். எனக்கு அதிகம் வாய்த்தவர்கள் ஓய்வுபெற்ற தாத்தாக்கள். ஒருவர் பிஸ்கட் டப்பாவில் கலர் பேனாக்கள் கொண்டுவந்திருந்தார், பந்துவீசுபவருக்கு ஒரு கலர். எந்தப் பந்தை யார் போட்டார் என்று மட்டையாளர் வரிசையிலேயே தெரிந்துவிடும். ஸ்கோர் 111 வந்ததும் அவர் இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார். நான் பயந்து என்ன என்று பார்த்தால், "நெல்சன்" என்றார். அந்த எண் ஆகாதாம். டேவிட் ஷெப்பர்ட் என்ற நடுவர் சர்வதேச ஆட்டத்திலேயே 111 வந்தால் ஒற்றைக்காலில் துள்ளுவார் என்று சொன்னார். எங்கள் ஊரில் 111 ரூபாய் மொய் வைத்தால் வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள் என்றேன். சிரித்தார், ஆனால் அடுத்த ரன் வரும்வரை காலைக் கீழே வைக்கவில்லை.

ஜூனில் ஒரு ஆட்டம். 35 ஓவர். மகள் முதல் ஓவரிலிருந்தே வீசினாள். 13 வயதுவரை பந்து சின்னது, 133 முதல் 144 கிராம்தான். அன்றைக்கு அது அவள் பேச்சைக் கேட்டது. ஒன்றுவிட்டு ஒன்றாக ஐந்து ஓவர், ஒன்பது ரன், இரண்டு விக்கெட். முதல் விக்கெட் விழுந்தபோது ஸ்டம்ப் பறந்ததாம், அவள் அப்பா சொன்னார். நான் முந்தைய பந்தின் வைடுக்கு எதிரே கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். நான் பார்த்தது அவள் ஷூவை மட்டும்.

பதினோராவது ஓவருக்கு அணித்தலைவி மறுபடி அவளிடமே பந்தைக் கொடுத்தாள். வேகப்பந்து வீசும் பிள்ளைகளின் முதுகெலும்பைக் காக்க இங்கே கடுமையான விதி இருக்கிறது. கீப்பர் பின்தள்ளி நின்று பிடிக்கிற வேகம் என்றால் அது வேகப்பந்து. 13 வயதுக்குள் ஒரே முனையிலிருந்து தொடர்ந்து அதிகபட்சம் ஐந்து ஓவர், ஒரு நாளைக்குப் பத்து. ஐந்து முடித்தால் அதே முனையிலிருந்து இன்னும் ஐந்து ஓவர் போன பிறகுதான் மறுபடி வீசலாம், எதிர்முனைக்கு மாறினாலும் தப்ப முடியாது. தடுக்க வேண்டியது நடுவரும் பயிற்சியாளரும். நடுவர் கவனிக்கவில்லை, பயிற்சியாளர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ஓவர் எண்ணிக்கை என் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு விநாடி, பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. அவள் கேட்கிற மாதிரி பந்து திரும்பும் நாள் தினமும் வராது. எழுந்து பயிற்சியாளரைக் கூப்பிட்டேன்.

பந்து கைமாறியது. அவள் நேராக என் மேஜையைப் பார்த்தாள். இருபத்தொன்றாம் ஓவரில் திரும்ப வந்தபோது மழை ஈரத்தில் பந்து சோப்புக்கட்டியாகியிருந்தது. இரண்டு ஓவரில் பதினேழு ரன்.

திரும்பும் வழியில் சர்வீஸ் ஸ்டேஷன் வரை பேச்சில்லை. சிப்ஸ் வாங்கிக் கொடுத்தபின், "வேற யாரும் எண்ணலையே, நீ மட்டும் ஏம்மா எண்ணின?" என்றாள். பதிலுக்கு ஏதோ முதுகு, டாக்டர் என்று சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கணக்கு தவறாத மொய்க்காரரின் மகள் என்ற கர்வம் ஜூலையில் உடைந்தது. எதிரணி மட்டைபிடித்து முடித்ததும் கூட்டினேன். மட்டையாளர்கள் 97, உதிரி (வைடு, நோபால், பை, லெக் பை) 29, மொத்தம் 126. (13 வயது ஆட்டத்தில் உதிரியே பல நாள் முதலிடம், அது வேறு விஷயம்.) பந்துவீச்சுப் பக்கம் (வைடும் நோபாலும் அதில் சேர்த்தி) 110, அதோடு பை, லெக் பை 17, ஆக 127. பலகையிலும் 127. பக்கத்து ஸ்கோரர் தாத்தாவின் புத்தகத்தில் இரண்டு பக்கமும் 127. இலக்கு 127-ஆ 128-ஆ என்று தெரியாமல் இரண்டு நடுவர்களும் எங்கள் பின்னால் வந்து நின்றார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

தாத்தா பதறவில்லை. ஓவர் ஓவராக வாசிக்கச் சொன்னார். இருபத்துமூன்றாம் ஓவர், நான்காம் பந்து. பந்துவீச்சில் ஒன்று எழுதியிருக்கிறேன், மட்டையாளர் வரிசையில் அது இல்லை. பார்த்ததும் ஞாபகம் வந்தது. பந்துவீசுபவருக்குப் பக்கத்தில், மிட் ஆனில் நின்ற மகள் பாய்ந்து விழுந்து எழாமல் கிடந்தது அந்தப் பந்துக்குத்தான். நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். அவள் பேண்ட்டைத் தட்டிக்கொண்டு எழுந்தபின்தான் உட்கார்ந்தேன்.

தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. தன் ரப்பரைத் தள்ளி வைத்தார். அப்பாவின் மொய் நோட்டில் அடித்தல் திருத்தலே இருக்காது. என் பக்கத்தில் அந்த இடம் மட்டும் இன்னும் சாம்பல் பூத்திருக்கிறது. இலக்கு 128. நாங்கள் பதினாலு ரன்னில் தோற்றோம்.

கடைசி ஆட்டம் ஆகஸ்ட் இறுதியில். ஒவ்வொரு வருடமும் தேர்வு புதிதாக நடக்கும், இந்த வருடம் ஆடினாள் என்பதால் அடுத்த வருடம் இடம் உண்டு என்று அர்த்தமில்லை. அக்டோபரில் அவள் மறுபடி நம்பர் ஒட்டிக்கொண்டு பந்து போட்டுவிட்டு வந்தாள். முடிவு இன்னும் வரவில்லை. மேலாளரிடமிருந்து மெயில் மட்டும் வந்தது: அடுத்த சீசனுக்கும் ஸ்கோர் எழுத முடியுமா?

மகளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"அப்ப நீ செலக்ட் ஆயிட்ட," என்றாள்.

பதில் எழுதவில்லை, அவள் முடிவு வரட்டும் என்று வைத்திருக்கிறேன். கலர் பேனா ஒரு டப்பா மட்டும் வாங்கியாகிவிட்டது.