நல்லாத்தானே தெரியுது, எதுக்கு சொட்டு மருந்து?

கண் மருத்துவமனையில் பவர் பார்க்கும் அறையில் எனக்கு வேலை. டாக்டரிடம் கேட்கத் தயங்குவதையெல்லாம் நோயாளிகள் எங்களிடம் கேட்டுவிடுவார்கள். "கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகுமா சிஸ்டர்?" என்பது அநேகமாகத் தினமும் வரும். ஏறாது. வளரும் பிள்ளைகளுக்குக் கண் நீளமாவதால்தான் கிட்டப்பார்வை கூடுகிறது. கண்ணாடி போடாமல் விட்டாலும் கூடும். கேரட் சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா? முடியாது. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்குக் கேரட்டும் முருங்கைக்கீரையும் உதவும்; பவரை அவை தொடாது.

"ஒண்ணா, ரெண்டா, எது தெளிவா இருக்கு?" என்று லென்ஸை மாற்றி மாற்றி வைக்கும்போது சிலர் தவித்துப்போவார்கள், தப்பாகச் சொன்னால் தப்பான கண்ணாடி வந்துவிடுமோ என்று. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அப்படியே சொல்லலாம். அதுவும் எங்களுக்குத் தேவையான பதில்தான்.

"எங்கப்பாவுக்கு எழுபது வயசு, இப்பல்லாம் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார்" என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கவலைதான். தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டு அவருக்குத் தெரிகிறதா என்று கேட்பேன். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நடுவில் புரை வளரும்போது அதன் பவர் மாறி, சில காலம் கிட்டத்தில் மட்டும் தெளிவாகத் தெரியும்.

ஆனால் எனக்கு நிஜமாகவே முக்கியமாகப் படும் கேள்வி வேறு. "நல்லாத்தானே தெரியுது, எதுக்கு சொட்டு மருந்து விட்டுக் கண்ணைப் பெரிசாக்கணும்?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. மருந்து வேலை செய்ய 20, 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். அப்புறம் நாலைந்து மணி நேரம் எழுத்து மங்கும், வெயில் கூசும், வண்டி ஓட்ட முடியாது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளம் போய்விடும். அதனால்தான் முதல்முறை வரும்போதே கூட ஒருவரை அழைத்து வாருங்கள் என்று போனில் சொல்லிவிடுகிறேன்.

இருந்தும் விட்டுத்தான் ஆக வேண்டும். நாங்கள் சுவரில் காட்டும் எழுத்துகள் நடுப்பார்வையை மட்டும்தான் சோதிக்கின்றன. சுகர் இருப்பவருக்கு விழித்திரையின் சின்ன ரத்தக்குழாய்கள் கசிய ஆரம்பித்த பிறகும் கடைசி வரி வரை தடங்கல் இல்லாமல் படிக்க முடியும். வலிக்காது, உறுத்தாது. கிளாக்கோமா என்பது, பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கெடும் நோய். அதில் பெரும்பாலும் பக்கப்பார்வை முதலில் போகிறது. ஒரு கண் விட்டதை இன்னொரு கண் பார்த்துக்கொள்வதால் அவருக்கே தெரியாது. கண் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருந்தால் சாதாரணம் என்பார்கள். அந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு கெட்டவர்கள் இருக்கிறார்கள். அதனால் அழுத்தம் பார்த்தாயிற்று, போதும் என்று விட முடியாது. சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து, உள்ளே விழித்திரையையும் நரம்பையும் பார்க்க வேண்டும்.

புரையால் மங்கிய பார்வை ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலும் திரும்பிவிடும். கிளாக்கோமாவில் போனது திரும்பாது; மிச்சம் இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். இந்த வித்தியாசம் இன்னும் பலருக்குத் தெரியவில்லை என்பது என்னை ரொம்ப வருத்துகிறது. படிக்கும் கண்ணாடிக்காக வந்த ஒரு தையல்காரரின் பக்கப்பார்வைச் சோதனைத் தாளில் பாதி கறுப்பாக இருந்தது. "ஊசியில நூல் கோக்கிறேனேம்மா!" என்றார். கோத்துக்கொண்டுதான் இருந்தார், நடுப்பார்வை மிச்சம் இருந்ததால்.

அவருடைய படிவத்தில், வீட்டில் யாருக்காவது கண் நோய் உண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. விசாரித்தால், அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் சுத்தமாகப் பார்வை இல்லையாம். வயசாகிப் போச்சு என்று விட்டுவிட்டார்களாம். அது கிளாக்கோமாவாகவும் இருந்திருக்கலாம், புரையாகவும் இருந்திருக்கலாம். இனி யாரும் சொல்ல முடியாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்திருந்தால் படிவத்தில் 'இல்லை' என்று எழுதாமல் எங்களிடம் சொல்லுங்கள். கூடப் பிறந்தவர்களில் ஒருவருக்குக் கிளாக்கோமா என்று தெரிந்தால், மற்றவர்களும் கண்ணில் ஒரு குறையும் தெரியாவிட்டாலும் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.